ஒகயாமா பள்ளியில் கொஞ்ச நாள்: ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நான் திருப்பூர்க்காரி. பிளஸ் ஒன் படிக்கும்போது அக்டோபரில் மாணவர் பரிமாற்றத்தில் ஜப்பான் போய், ஒகயாமா நகரத்தில் மாகாண அரசு நடத்தும் ஒரு உயர்நிலைப்பள்ளியில் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்துவிட்டு வந்தேன். தங்கியது அந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். திரும்பியதில் இருந்து ஜூனியர்கள், அவர்களுடைய அம்மாக்கள், அப்பாவின் கம்பெனி நண்பர்கள் என்று எல்லோரும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. பள்ளியின் பெயரோ ஆட்களின் பெயரோ சொல்ல மாட்டேன்.

இதற்கு எப்படிப் போவது அக்கா? மார்க் நிறைய வேண்டுமா?

நான் போனது எங்கள் பள்ளிக்கும் அந்தப் பள்ளிக்கும் உள்ள நேரடி ஏற்பாட்டில். அவர்கள் பிள்ளைகள் இங்கே வருவார்கள், நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். மார்க்கைவிட நேர்முகத்தில் நாலு வார்த்தை தயங்காமல் பேசுகிறோமா என்றுதான் பார்த்தார்கள்.

உங்கள் பள்ளியில் இப்படி இல்லையென்றால் வேறு வழிகளும் உண்டு. ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-ல் தொடங்கிய சகுரா சயின்ஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளி மாணவர்களும் போகிறார்கள், ஆனால் அதில் பல்கலைக்கழகம், ஆய்வகம் என்று ஒரு வாரம் சுற்றுவதுதான் முக்கியம், பள்ளிக்குப் போவது அதில் ஒரு பகுதி மட்டும். ஜப்பான் அரசின் ஜெனசிஸ் என்ற இளைஞர் பரிமாற்றத் திட்டம் 2007-ல் இருந்து நடக்கிறது. ரோட்டரி, ஏஎஃப்எஸ் என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு வழியாகவும் போகலாம். எதில் விண்ணப்பித்தாலும் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: வீட்டில் தங்க வைப்பார்களா, ஹோட்டலிலா? ஹோட்டல் என்றால் அது சுற்றுலாதான், கையில் சான்றிதழ் கொடுப்பார்கள் அவ்வளவே.

ஜப்பானிய மொழி தெரியாமல் போகலாமா?

போகலாம். ஆனால் வெளிநாட்டு வார்த்தைகளை எழுதும் கத்தகனா எழுத்தையாவது படித்துவிட்டுப் போங்கள், அடிப்படை எழுத்து 46-தான், ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். சீஸ், சாலட், டாய்லெட், ஷாம்பு எல்லாம் கத்தகனாவில்தான் எழுதியிருக்கும், கூட்டிப் படித்தால் ஆங்கில வார்த்தை வெளியே வரும். சீனத்தில் இருந்து வந்த கஞ்சி என்ற எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2,136 இருக்கிறது, அங்கே பிறந்தவர்களே பள்ளி முடியும்வரை எழுதி எழுதிப் பழகுகிறார்கள்.

ஜப்பானிய மொழி தமிழில் இருந்து வந்ததாமே?

இது மாமாக்கள் கேட்கும் கேள்வி. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் எழுதினார், அது உண்மை. ஆனால் மற்ற மொழியியலாளர்களில் பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை, அதுவும் உண்மை. வாக்கியம் போகிற போக்கு ஒன்றுதான், வினைச்சொல் கடைசியில் வரும், நம் வேற்றுமை உருபு மாதிரியே சின்னச் சின்ன ஒட்டுகள் சொல்லுக்குப் பின்னால் வரும். அதனால் ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழில் யோசித்தால் சீக்கிரம் பிடிபடும். அதற்கு மேல் இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

எட்டரைக்குள் வகுப்பில் இருக்க வேண்டும். வாசலில் ஆளுக்கொரு செருப்புப் பெட்டி, வெளியே போட்ட ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே மட்டும் போடுகிற உவாபாக்கி என்ற ஷூவுக்கு மாற வேண்டும் (விளையாட்டு அரங்கத்துக்கு வேறு ஒன்று). காலை வகுப்பாசிரியர் நேரம், அப்புறம் ஐம்பது நிமிடப் பாடவேளைகள், நடுவில் பத்து நிமிடம். ஒவ்வொரு பாடமும் தொடங்கும்போது அன்றைய பொறுப்பு மாணவர் குரல் கொடுப்பார், எல்லோரும் எழுந்து குனிந்து வணங்கி உட்காருவோம். மணி என்று ஒன்று அடிப்பதில்லை, லண்டன் பிக் பென் கடிகாரத்தின் மெட்டு ஒலிபெருக்கியில் வரும். ஊர் திரும்பிய பிறகும் அந்த மெட்டு காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மதியம் சாப்பாடு வகுப்பிலேயே, மேஜைகளைச் சேர்த்துப் போட்டு. தட்டில் பரிமாறும் பள்ளிச் சாப்பாட்டு வீடியோ எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில். உயர்நிலைப் பள்ளிக்கு வந்தால் வீட்டு டப்பா, இல்லையென்றால் பள்ளிக் கடையில் பன். யாகிசோபா பன் என்று ஒன்று இருக்கிறது, பன்னுக்குள் நூடுல்ஸ் வைத்திருப்பார்கள், மாவுக்குள் மாவு வைத்து யார் யோசித்தார்களோ, ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும்.

நாலு மணி வாக்கில் பாடம் முடியும். வீட்டுக்கு யாரும் கிளம்ப மாட்டார்கள், அதற்குப் பிறகுதான் விளையாட்டு, கலை என்று மாணவர்கள் சேர்ந்து பழகும் கிளப்.

வகுப்பில் என்ன புரியும்?

கணக்கு புரியும். உண்மையாகவே, போர்டில் உள்ள கோடும் குறியும் ஒன்றுதான், முக்கோணவியல் நடந்தபோது என் நோட்டைப் பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். வேதியியல் பாதி. வரலாறு, ஜப்பானிய இலக்கியம் சுத்தமாக ஒன்றும் கிடையாது, தூக்கம் வரும், வந்தால் நீங்கள் மட்டும் இல்லை, அங்கே முன் வரிசையிலேயே தலை சாய்த்துக் கிடப்பவர்களும் உண்டு, எல்லா ஆசிரியரும் எழுப்புவதில்லை.

நான் ரசித்தது மனையியல். 1994-ல் இருந்து உயர்நிலைப் பள்ளியில் ஆண் பெண் இருவருக்கும் அது கட்டாயப் பாடம். ஆறடி உயரப் பையன் தையல் மெஷினில் உட்கார்ந்து ஏப்ரன் தைக்கிறான், நூல் அறுந்தால் அவனே கோத்துக்கொள்கிறான். எங்கள் ஊரில் ஆண்கள் மெஷினில் உட்காருவது அதிசயம் இல்லைதான், ஆனால் அது சம்பளத்துக்கு. வீட்டில் பட்டன் அறுந்தால் அதே ஆண் சட்டையை அம்மாவிடம்தான் நீட்டுவார்.

ஆங்கில வகுப்பில் உங்களை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள். அங்கே வெளிநாட்டில் இருந்து உதவி ஆசிரியர்கள் வருவார்கள், ஜெட் என்ற அந்தத் திட்டம் 1987-ல் தொடங்கியது. அப்படி இருந்தும் மாணவர்கள் பேசக் கூச்சப்படுகிறார்கள், இலக்கணத் தேர்வு வைத்தால் நம்மைத் தாண்டிவிடுவார்கள். இது நமக்குத் தெரியாத கதையா?

யாரும் வந்து பேசவே மாட்டார்களாமே? என் பையன் ஏற்கெனவே கூச்ச சுபாவம்.

முதல் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் இருக்கும். வகுப்பில் நாற்பது பேர் வரை இருப்பார்கள், எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள், நீங்கள் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து அறையில் போய் அழுதவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. நடந்தது என்னவென்றால், தப்பான ஆங்கிலம் பேசிவிடுவோமோ என்று அவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள்.

பையன் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புங்கள் அம்மா. சீட்டுக்கட்டு, வீட்டு ஆல்பம், ஒரு சின்ன நோட்டு. நான் வகுப்பில் ஒவ்வொருவர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன், அடுத்த இடைவேளையில் பக்கத்து வகுப்பில் இருந்தெல்லாம் வரிசை கட்டினார்கள். எழுதிக் காட்டினால் பேச வேண்டியதில்லை, அதனால் அவர்களுக்கும் வசதி. முதல் நாள் ஒரு நிமிட அறிமுகம் கேட்பார்கள், அதைப் பாடம் செய்துவிட்டுப் போகட்டும். தினமும் கர்ரி என்கிற மசாலாக் குழம்பு சாப்பிடுவீர்களா, யானை உண்டா, கணக்கு எல்லோருக்கும் வருமா என்று கேட்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம், நாமும் நிஞ்ஜாவைப் பற்றித்தானே கேட்கிறோம்.

பிள்ளைகளையே கழிவறை கழுவ வைக்கிறார்களாமே? நிஜமா?

நிஜம். அதிகம் வந்த கேள்வி இதுதான், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

தினமும் பதினைந்து இருபது நிமிடம் துப்புரவு நேரம். வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து, இந்த வாரம் உங்களுக்கு வகுப்பறை, அவர்களுக்குப் படிக்கட்டு, இன்னொரு குழுவுக்குக் கழிவறை என்று சுழற்சி. நாற்காலியை மேஜை மேல் கவிழ்த்து, எல்லாவற்றையும் பின்னால் தள்ளி, பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி முன்னால் இழுத்துப் போட வேண்டும். எனக்கு முதலில் படிக்கட்டு வந்தது, அப்புறம் கழிவறை. கையுறை, பிரஷ், சோப்புத் தண்ணீர் எல்லாம் கொடுப்பார்கள். என்னோடு அன்றைக்குக் கழுவியவர்களில் ஒருத்தி வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள், இன்னொருத்தியின் அப்பா டாக்டர்.

வீடியோக்களில் காட்டுகிற அளவுக்கு இது தெய்வீகமான காட்சி எல்லாம் கிடையாது. பையன்கள் துடைப்பத்தைக் கிடாராக்கி ஆடுவார்கள், மூலையில் தூசி அப்படியே இருக்கும், ஆசிரியர் வந்து நின்றால் வேகம் கூடும். துப்புரவுக்கு ஆளே வைப்பதில்லை என்பதும் சரியில்லை, பராமரிப்புக்குப் பள்ளியில் ஊழியர் உண்டு, சில ஊர்களில் கழிவறையை மட்டும் வெளி ஆட்கள் சுத்தம் செய்கிறார்கள்.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு "நம் பள்ளிகளிலும் இப்படிச் செய்யலாமே" என்று யாராவது சொல்லும்போது எனக்கு நெருடுகிறது. 2022-ல் எங்கள் பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானது எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் ஊரில் "பிள்ளைகள் கழுவட்டும்" என்று சொன்னால் எந்தப் பிள்ளைகள் என்று யாரும் கேட்காமலே முடிவாகிவிடுகிறது. அங்கே அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கிறது, அதில் விதிவிலக்கு யாருக்கும் இல்லை, விருந்தாளியாக வந்த எனக்கும் இல்லை. ஜப்பானைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அந்த அட்டவணையை எடுக்க வேண்டும், துடைப்பத்தை அப்புறம் பார்க்கலாம். இதை எங்கள் பள்ளி அசெம்பிளியில் சொன்னேன், கைதட்டல் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

(முகம் சுளித்த ஆன்ட்டிகளுக்கு: பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டிலும் ஒரு முறை கழுவச் சொல்லிப் பாருங்கள்.)

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? நாங்கள் சுத்த சைவம்.

நான் கோழி, மீன், முட்டை சாப்பிடுகிறவள், அதனால் எனக்குக் கஷ்டமே இல்லை, இரண்டு கிலோ ஏறித்தான் வந்தேன். என்னோடு வந்த தோழி முழுச் சைவம். அவள் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன்.

"வெஜிடேரியன்" என்று சொன்னால் போதாது. இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் அது சைவம் என்று நல்ல மனசோடுதான் பரிமாறுவார்கள். சிக்கல் தாஷி என்ற சாற்றில் இருக்கிறது. கட்சுவோ என்ற சூரை வகை மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கும் சாறு அது, மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப், உடோன் என்ற தடித்த நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி, முட்டை ஆம்லெட், இனிப்பு டோஃபுப் பை வரைக்கும் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். கடையில் விற்கும் கர்ரிக் குழம்புக் கட்டிகளில் பலவற்றில் மாட்டு, பன்றிக் கொழுப்பு இருக்கும், அதனால் "இந்தியாவில் இருந்து வந்திருக்கிறாள், கர்ரி செய்வோம்" என்று ஆசையாகச் செய்தால் முதலில் கட்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது. அது நம் குழம்புக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம் என்பது வேறு விஷயம், மெய்ஜி மன்னர் காலத்தில் ஆங்கிலேயர் வழியாகப் போனது, இனிப்பாக இருக்கும்.

ஆகவே விண்ணப்பப் படிவத்தில் சைவம் என்று எழுதாதீர்கள், பட்டியல் போடுங்கள்: மாமிசம் கூடாது, மீன் கூடாது, மீன் தாஷி கூடாது, விலங்குக் கொழுப்பு கூடாது; முட்டை, பால் சரியா இல்லையா. யாராவது அதை ஜப்பானிய மொழியில் எழுதித் தந்தால் ஒரு அட்டையில் ஒட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தோழி தங்கிய வீட்டு அம்மா அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும் தாஷி போட ஆரம்பித்தார், அது புத்தர் கோயில் சைவச் சமையலில் வழக்கமாகச் செய்வதுதான் என்று சொன்னாராம். அதன் பிறகு அவளும் நன்றாகச் சாப்பிட்டாள்.

வெளியே பசித்தால்: உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, வாழைப்பழம், எடமாமே என்ற பச்சை சோயாக் காய், டோஃபு, சோயா பால், அப்புறம் சூப்பர் மார்க்கெட் வாசலில் சுட்டுவைத்திருக்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அக்டோபரில் போனால் அந்தக் கிழங்கை விடாதீர்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொஞ்சம் எடுத்துப் போங்கள், சோறு எல்லா வீட்டிலும் இருக்கும், கொஞ்சம் ஒட்டும், நம் பொன்னி மாதிரி உதிராது.

பொட்டு வைக்கலாமா? கம்மல், மூக்குத்தி?

பொட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அழகாக இருக்கிறது என்று கேட்டு வாங்கி ஒட்டிக்கொண்டார்கள். காது குத்துவது அங்கே பல பள்ளிகளில் விதிமீறல். நமக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்திவிடுவார்கள், இதை முன்கூட்டியே மின்னஞ்சலில் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, எனக்குச் சின்னத் தோடு போட அனுமதி கிடைத்தது. மூக்குத்தி போட்ட சீனியரைப் பள்ளி நேரத்தில் மட்டும் கழற்றச் சொன்னார்கள். மருதாணி, நகப்பூச்சு வேண்டாம்.

அங்கே தலைமுடிக்கும் விதி உண்டு, சாயம் போடக் கூடாது. பிறவியிலேயே பழுப்பு முடி உள்ள மாணவி ஒருத்தியைக் கறுப்புச் சாயம் போட வற்புறுத்தியதாக ஒசாகாவில் 2017-ல் வழக்கே நடந்தது, அதன் பிறகு நாடு முழுக்கப் பேச்சாகி, டோக்கியோ அரசுப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் இப்படிப்பட்ட சில விதிகளை எடுத்துவிட்டன. நம் சுருட்டை முடியை யாரும் நேராக்கச் சொல்லவில்லை. எண்ணெய் வைத்துப் பின்னலிட்டுப் போனேன், பின்னலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத் தொட்டார்கள்.

சீருடை வாங்க வேண்டுமா?

வேண்டாம், எங்கள் பள்ளிச் சீருடையிலேயே போகச் சொன்னார்கள். ஜப்பானில் அக்டோபர் 1, ஜூன் 1 வாக்கில் எல்லோரும் சீருடை மாற்றுவது வழக்கம், கோடைக்கு அரைக்கை, குளிருக்குக் கோட்டு.

இந்த இடத்தில் திருப்பூர்க்காரியாகக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், சீருடைக்கே ஒகயாமா மாகாணம்தான் பேர் போனது. ஒகயாமாவுக்குப் பக்கத்தில் குராஷிக்கி நகரத்தில் கொஜிமா என்று ஒரு பகுதி. கடலைத் தூர்த்து எடுத்த உப்பு மண்ணில் நெல் வராது, பருத்தி போட்டார்கள். பருத்தியில் இருந்து நாடா, பிறகு தாபி என்ற கட்டைவிரல் பிரிந்த காலுறை, அதைத் தைத்த மெஷினிலேயே பள்ளிச் சீருடை, 1960-களில் ஜீன்ஸ். டோம்போ, கான்கோ என்ற பெரிய சீருடைக் கம்பெனிகள் இரண்டும் அந்த மாகாணத்தைச் சேர்ந்தவை. நான் தங்கிய வீட்டு அப்பா ஒரு சீருடைத் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவில் இருந்தார். எங்கள் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்று நான் சொன்ன அன்றைக்கு ராத்திரி, போனில் மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டு துணி சுருங்குவதைப் பற்றி இரண்டு அப்பாக்களும் வீடியோ காலில் பேசியது எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற கதை. சாயக் கழிவை என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். எங்கள் அப்பா நொய்யல் கதையைச் சொல்ல ஆரம்பித்தார், மொழிபெயர்ப்புச் செயலியால் தாங்க முடியவில்லை.

அடுத்தவர் வீட்டில் பெண் பிள்ளையைத் தங்க வைப்பது பாதுகாப்பா?

குடும்பத்தைப் பள்ளியே பார்த்துத் தேர்ந்தெடுக்கும், பெரும்பாலும் வகுப்பில் படிக்கும் ஒருவருடைய வீடாகத்தான் இருக்கும். பெண் பிள்ளை உள்ள வீடாகக் கேளுங்கள், தருவார்கள். அவசரத்துக்கு அந்தப் பள்ளி ஆசிரியர் எண், உங்கள் பள்ளி ஆசிரியர் எண் இரண்டும் பிள்ளையிடம் காகிதத்தில் எழுதி இருக்கட்டும், போன் சார்ஜ் தீரும்.

வீட்டில் பழக வேண்டியது குளியல். தொட்டிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டு, அப்புறம் தொட்டியில் வெறுமனே ஊற வேண்டும். அதே வெந்நீரில்தான் வீட்டில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள், வெளியே வரும்போது தொட்டித் தண்ணீரை வடித்துவிடாதீர்கள்.

அக்கா, பீரியட்ஸ் வந்தால்? டாய்லெட் எப்படி இருக்கும்?

பள்ளியில் ஹோகென்ஷித்சு என்ற உடல்நல அறை இருக்கும், அங்கே ஒரு ஆசிரியை முழுநேரமும் இருப்பார், போய் நின்றாலே புரிந்துகொள்வார், படுக்க இடமும் தருவார். நாப்கின் எல்லாக் கடையிலும் கிடைக்கும். டாய்லெட், வீட்டில் என்றால் பட்டன் வைத்துத் தண்ணீர் பீச்சும் வகை, பழைய பள்ளிக் கட்டடத்தில் நம்மூர் மாதிரி குந்தி உட்காருகிற வகையும் உண்டு, ஆனால் குழாய் இருக்காது, காகிதம் மட்டும்தான், அதை உள்ளேயே போட்டுத் தண்ணீர் விட வேண்டும். பையில் ஈரத் துடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் உள்ளே போடாதீர்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

நான் இருந்தபோது வரவில்லை, ஒத்திகை மட்டும் வந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு, உடனே எல்லோரும் மேஜைக்கு அடியில், மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு. பிறகு வரிசையாக மைதானம். தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே என்ற நாலையும் சின்ன வயதில் இருந்தே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

ஒகயாமாவில் நிலநடுக்கத்தைவிட வெள்ளத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வெயில் நாடு என்று பெயர் எடுத்த மாகாணம் அது, மழை குறைவு. ஆனால் 2018 ஜூலையில் கொட்டிய மழையில் ஆற்றுக்கரை உடைந்து குராஷிக்கியின் மாபி பகுதி மூழ்கி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள். அதனால் வகுப்பில் ஊர் வரைபடத்தைக் கொடுத்து, உன் வீட்டில் இருந்து எந்த வழியாக எந்தப் பள்ளிக்குப் போவாய், பக்கத்து வீட்டுப் பாட்டியை யார் கூட்டிப் போவது என்று நிறம் தீட்டச் சொன்னார்கள். பள்ளிகளின் விளையாட்டு அரங்கம்தான் அங்கே அடைக்கல இடம்.

கிளப்பில் நம்மைச் சேர்ப்பார்களா?

விருந்தினராகச் சேர்ப்பார்கள். நண்பர்கள் கிடைப்பது வகுப்பில் இல்லை, இங்கேதான், அதனால் ஊர் சுற்றிக் காட்டுகிறோம் என்று சாயங்காலங்களில் யாராவது கூப்பிட்டால்கூடச் சில நாளாவது கிளப்புக்குப் போங்கள். எல்லோருக்கும் வில்வித்தை ஆசை இருக்கும். முதல் நாளே வில் தர மாட்டார்கள், அங்கே சேர்ந்த ஜூனியர்களே ரப்பர் கட்டிய குச்சியை வைத்து வாரக்கணக்கில் நிலையைப் பழகிக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குறைந்த நாளுக்குப் போகிறவர்களுக்குத் தேநீர்ச் சடங்குக் கிளப் நல்லது, முதல் நாளே கிண்ணம் கைக்கு வரும், சாப்பிட இனிப்பும் உண்டு. சப்பணம் போட்டே வளர்ந்தவளுக்கு இது என்ன என்று நினைத்தேன், முழங்காலை மடக்கி அதன் மேல் உட்காருவது வேறு ரகம், பத்து நிமிடத்தில் கால் மரத்துவிட்டது.

அங்கே சீனியர், ஜூனியர் வித்தியாசம் ரொம்பக் கறார். ஒரு வருடம் மூத்தவள் உள்ளே வந்தாலே குரல் மாறும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. காலை ஏழுக்கே பயிற்சி, சாயங்காலம் இருட்டும்வரை பயிற்சி, சனிக்கிழமையும் வா என்பதும் அதிகம்தான், சிலர் வெறும் களைப்பில் பள்ளிக்கு வருகிறார்கள்.

பெட்டியில் என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாது?

இறைச்சி கலந்த எதுவும் கூடாது. பழம், பச்சைக் காய், கறிவேப்பிலை வேண்டாம், தாவரத் தனிமைப்படுத்தல் சோதனையில் பிடிபடும், மாம்பழ ஆசையை விட்டுவிடுங்கள். மருந்துகளில் கவனம்: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்கு மேல் என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின், இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் அளவைப் பொறுத்துத் தடை உண்டு, அதனால் வீட்டு மருந்து டப்பாவை அப்படியே கொட்டாதீர்கள். மின்சாரம் அங்கே 100 வோல்ட், தட்டையான இரட்டைப் பின், ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டால் போன் சார்ஜர் வேலை செய்யும், ஹேர் டிரையர் வேண்டாம்.

பரிசு கட்டாயம். விலை உயர்ந்தது தராதீர்கள், அவர்கள் பதிலுக்குத் தேடி அலைவார்கள். நான் பருத்தித் துண்டும் பனியனும் கொண்டுபோனேன், வேறென்ன. வகுப்புக்குக் கடலை மிட்டாய் கொடுப்பதாக இருந்தால் முதலில் ஆசிரியரிடம் காட்டுங்கள், நிலக்கடலை அங்கே கட்டாயமாக அச்சிட வேண்டிய அலர்ஜிப் பட்டியலில் இருக்கிறது.

விசா?

90 நாளுக்குள் என்பதால் குறுகிய கால விசாதான். அழைப்புக் கடிதம், தங்குமிடம், தினசரித் திட்டம் எல்லாம் அங்கிருந்து வரும். நம் பக்கம் பெற்றோர் சம்மதக் கடிதம் தயாராக இருக்கட்டும், அப்பா அம்மா இருவர் கையெழுத்தும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பள்ளி ஆவணப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இன்ஷியல் உள்ள நமக்கு இதில்தான் இழுக்கும்.

அவர்கள் நம்மைவிட ஒழுக்கமானவர்களா?

வரிசையில் நிற்பார்கள், நேரத்துக்கு வருவார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிப்பார்கள், ஆசிரியருக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள், போன் தடை உள்ள பள்ளியில் டாய்லெட்டில் போய்ப் பார்ப்பார்கள். டியூஷன் அங்கேயும் உண்டு, ஜனவரியில் வரும் பொது நுழைவுத் தேர்வுப் பயமும் நம் நீட் பயமும் ஒரே ஜாதி.

திரும்பி வந்த பிறகு தொடர்பு இருக்குமா?

எல்லோரோடும் இருக்காது, இரண்டு மூன்று பேரோடு இருக்கும். அவர்கள் வாட்ஸ்அப் வைத்திருக்க மாட்டார்கள், லைன் என்ற செயலிதான். கிளம்புவதற்கு முன்பே, உங்கள் இந்திய எண்ணில் எஸ்எம்எஸ் வரும்போதே அதில் கணக்குத் திறந்துவிடுங்கள், அங்கே போய் வேறு சிம் போட்ட பிறகு திறக்கப் பார்த்தால் குறியீடு வராமல் திண்டாடுவீர்கள். அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால், நாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அங்கே பலர் தூங்கியிருப்பார்கள், ஞாயிறு காலையில் அனுப்பினால் பதில் வரும்.